குஞ்சுகளை எப்போது வெளியே விடலாம்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் புந்தோங்கில் சில வீடுகளின் பின்பக்கம் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். தீவனக் கடையில் பத்துக் குஞ்சு வாங்கி, அட்டைப்பெட்டியில் மரத்தூளைப் பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். முதல் வாரம் பார்க்க அழகாக இருக்கும். இரண்டாம் வாரம் பெட்டி நாற்றம் எடுக்கும். மூன்றாம் வாரம் குஞ்சுகள் பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும். "இதுங்கள வெளியே கூண்டுல கொண்டுபோய் விடு" என்று அம்மா சத்தம் போடுவதும் அப்போதுதான்.

விடலாமா? ஆங்கிலப் புத்தகங்கள் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கின்றன. பக்கத்து வீட்டு மாமா, "நம்ம ஊர் சூட்டுக்குப் பத்து நாளே போதும்" என்கிறார். இரண்டு பேரும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

படிவம் 3 மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தான். 19 நாள் ஆன பத்துக் குஞ்சுகளை அவன் வெளிக்கூண்டுக்கு மாற்றியிருந்தான். அன்று மாலை இடியோடு மழை. சாரல் கூண்டுக்குள் அடித்தது. காலையில் ஆறு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் செத்துக் கிடந்தன. "டீச்சர், ராத்திரி 24 பாகைதான் இருந்துச்சு. அது ஒரு குளிரா? எதிர்வீட்டுத் தாய்க்கோழி இதைவிடச் சின்னக் குஞ்சுங்கள வச்சிக்கிட்டு அதே மழையில பலகைக்கடியில இருந்துச்சு. ஒன்னுகூடச் சாகலயே?"

நல்ல கேள்வி. 24 பாகை செல்சியஸ் என்பது நாம் காற்றாடி போட்டுக்கொண்டு தூங்கும் வெப்பநிலை. அதில் குஞ்சு ஏன் சாக வேண்டும்?

கோழியின் உடல் நம் உடலைவிடச் சூடானது. நமக்கு 37 பாகை என்றால் வளர்ந்த கோழிக்கு ஏறக்குறைய 41 பாகை. பொரித்த அன்று குஞ்சின் உடல்வெப்பம் அதைவிட ஒன்றிரண்டு பாகை குறைவாக இருக்கும். அதைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனும் அப்போது அதற்கு முழுமையாக வந்திருக்காது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் உடலும் சேர்ந்து குளிரும். இரண்டு மூன்று வாரங்களில்தான் உடலுக்குள் இருக்கும் அந்த வெப்பச் சீராக்கி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குகிறது.

இன்னொரு சிக்கல் அளவு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், கன அளவு 1 கன சென்டிமீட்டர். பக்கம் 4 சென்டிமீட்டர் ஆனால் மேற்பரப்பு 96, கன அளவு 64. அதாவது சிறிய பெட்டிக்குக் கன அளவைப்போல 6 மடங்கு மேற்பரப்பு. பெரியதற்கு ஒன்றரை மடங்குதான். வெப்பம் உண்டாவது உடலுக்குள்ளே, வெளியேறுவது மேற்பரப்பு வழியே. 40 கிராம் குஞ்சையும் 2 கிலோ தாய்க்கோழியையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தாய் 50 மடங்கு கனம். ஆனால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 13, 14 மடங்குதான். ஆகவே ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குஞ்சுக்குத் தாயைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான தோல் வெளியே தெரிகிறது. சின்னக் கோப்பைத் தேநீர் சீக்கிரம் ஆறுகிறதே, அதே கதைதான்.

அதனால்தான் அந்தக் குண்டு பல்பு. முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் மட்டத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர இந்த வேலைக்கு ஆகாது. பல்பை மின்கம்பியிலேயே தொங்கவிடாமல் தனிச் சங்கிலியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். மரத்தூளில் விழுந்தால் வீடே எரியும்.

இப்போது ஈப்போவின் வெப்பநிலையோடு இதை ஒப்பிடுங்கள். இங்கே பகலில் 32, 33 பாகை. விடியற்காலையில் 23, 24. முதல் வாரத்தின் தேவை 33 என்று வைத்தால் இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 27, நான்காம் வாரம் 24. இரண்டாம் வாரத்திலேயே நம் ஊர்ப் பகல் குஞ்சுக்குப் போதுமான சூடு. நான்காம் வாரத்தில் இரவும் ஏறக்குறையப் போதும். கேமரன் மலையில் வளர்த்தால் இந்தக் கணக்கு செல்லாது; அங்கே இரவு 15 பாகைக்கு அருகில் இறங்கிவிடும். ஆங்கிலப் புத்தகத்தின் ஆறு வாரம் அப்படிப்பட்ட ஊருக்கு எழுதியது. மாமாவின் பத்து நாள் புந்தோங்கின் பகலுக்கு ஏறக்குறையச் சரி, இரவுக்குத் தவறு.

19 நாள் குஞ்சுக்கு 24 பாகை கொஞ்சம் குளிர்தான். ஆனால் பத்துக் குஞ்சு ஒட்டிப் படுத்தால் தாங்கிவிடும். ஆறு குஞ்சுகளைக் கொன்றதில் குளிரைவிடப் பெரிய பங்கு ஈரத்துக்கு.

தூவியும் இறகும்

குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு போன்ற தூவி. அதன் இழைகள் தனித்தனியாக நிற்கும். இழைகளுக்கு இடையே காற்று அடைபட்டிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று படிவம் 2-இல் வெப்பம் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலர்ந்த தூவி நல்ல போர்வைதான். மழைத்துளி பட்டால் கதை மாறிவிடும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

வளர்ந்த கோழியின் இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். இழைகளை விரலால் பிரித்தால் பிரியும். தடவிவிட்டால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பள்ளிப் பையின் சிப் மாதிரி, ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகள் இருக்கின்றன. அதற்குமேல் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெயைத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். அந்தக் கூரைமேல் விழும் மழை வழிந்து ஓடிவிடும்; அடியில் உள்ள தூவி நனையாது.

நனைந்த குஞ்சுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். பள்ளியில் ஹாபா பெண்டாம் என்று படிக்கிறோமே, அந்த உள்ளுறை வெப்பம். கணக்குப் போடுவோம். நம் ஊர் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். தூவியில் ஒரு தேக்கரண்டி, 5 கிராம் நீர் தங்கியிருக்கிறது என்று வையுங்கள். அது முழுவதும் ஆவியாக 12,000 ஜூல். குஞ்சின் எடை 200 கிராம். அதன் உடலில் 1 கிராமை 1 பாகை குளிர்விக்க ஏறக்குறைய 3.5 ஜூல் வெளியேற வேண்டும். முழு உடலுக்கு 700 ஜூல். 12,000-ஐ 700-ஆல் வகுத்தால் 17.

அந்த வெப்பம் முழுவதும் குஞ்சின் உடலிலிருந்தே போனால், 41 பாகையில் இருந்த உடல் 17 பாகை குளிர்ந்து 24-க்கு வந்துவிடும் என்று பொருள். உண்மையில் அப்படியே நடக்காது. ஒரு பகுதி வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து வரும். குஞ்சும் தின்ற தீனியை எரித்து விடாமல் வெப்பம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இருட்டில் அது தீனி தின்னாது. இரைப்பையில் இருப்பது தீரும்வரைதான் அந்த அடுப்பு எரியும். காற்றும் அடித்தால் ஆவியாதல் வேகமாகும். நடுச்சாமத்துக்குமேல் கணக்கு குஞ்சுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பால் டின்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சுற்றி உலர்ந்த பஞ்சு, மற்றதைச் சுற்றி நனைத்த பஞ்சு. மேலே அட்டையால் மூடி, காற்றாடிக்கு முன் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் மேலே சொன்னது புரிந்துவிடும்.

எதிர்வீட்டுத் தாய்க்கோழியின் குஞ்சுகள் பிழைத்ததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அடைகாக்கும் கோழியின் வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரியும். குஞ்சு அந்தச் சூடான தோலை ஒட்டிப் படுக்கும். மேலே தாயின் இறகுக் கூரை. வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே உலர்ந்த காற்றுதான். பகலில் பொரித்த இரண்டாம் நாளே தாய் குஞ்சுகளை வெளியே கூட்டிப் போய்விடும் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சில நிமிடம் மேய்வதும், கீச்சிட்டுக்கொண்டே ஓடிவந்து சிறகுக்குள் புகுவதும், மறுபடி மேய்வதுமாக இருக்கும். நாளாக ஆக வெளியே இருக்கும் நேரம் கூடும், சிறகடியில் இருக்கும் நேரம் குறையும். குஞ்சுகளுக்கு இறகு முளைத்து முடிந்தபின் ஒரு நாள் தாயே கொத்தி விரட்டிவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரவானால் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பஞ்சாரம் என்னும் பெரிய மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடுவார்கள். காற்று போகும், பூனை புகாது. என்ன அருமையான ஏற்பாடு!

தாய்க்கோழி ஒரே நாளில் குஞ்சை உள்ளிருந்து வெளியே மாற்றுவதில்லை. பல்பில் வளர்த்த குஞ்சுக்கு நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

எப்படி மாற்றுவது

முதலில் பகல். இரண்டாம் வாரம் முடிந்ததும் மழை இல்லாத காலையில், பனி காய்ந்தபிறகு, ஒரு மணி நேரம் புல்லில் விடுங்கள். அடியில்லாத கம்பிவலைச் சட்டம் ஒன்றைக் கவிழ்த்தால் போதும். பாதி இடத்தில் நிழல் வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு தாங்காவிட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிறகைத் தொங்கப்போடும். அப்படிக் கண்டால் உடனே நிழலுக்கும் தண்ணீருக்கும் மாற்றுங்கள். கிளேடாங் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால் துளி விழுமுன் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

அதே நாட்களில் பெட்டிக்குள் பல்பைப் பழக்கத்திலிருந்து விலக்குங்கள். முதலில் பகலில் அணையுங்கள். பிறகு இரவிலும். பல்பு இல்லாமல் வீட்டுக்குள் நான்கு இரவாவது கழிய வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் கவலையில்லை, குஞ்சுகளே சொல்லும். பரவலாகப் படுத்து மெல்ல முணுமுணுத்தால் சரியான சூடு. ஒரே குவியலாக அமுங்கிக்கொண்டு உரக்கக் கத்தினால் குளிர். பெட்டியின் ஓரங்களுக்கு ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம்.

அடுத்து இறகு. குஞ்சைக் கையில் எடுத்து முதுகிலும் மார்பிலும் வாயால் ஊதிப் பாருங்கள். இறகு முதலில் சிறகில் முளைக்கும், பிறகு வால், தோள், மார்பு, முதுகு. தலையும் கழுத்தும் கடைசி. ஊதும்போது முதுகில் வெறும் தூவியோ, உறை பிரியாத முள்ளிறகோ மட்டும் தெரிந்தால் இன்னும் பொறுங்கள். வெயில் நேரத்தில் முதுகில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். முத்துப்போல் உருண்டு விழுந்தால் கூரை தயார். ஊறிப் பரவினால் தயாரில்லை. கம்பத்துக் கோழியில் ஒரே ஈட்டுக் குஞ்சுகளுக்குள்ளேயே ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பிந்தியதை வைத்தே நாள் குறியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் நான்காம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் அந்த நாள் வரும்.

கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய்க் கம்பங்களில் ரெபான் என்னும் கோழிக்கூடு கால்கள் வைத்துத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். பழைய ரப்பர்த் தோட்டத்து லயங்களின் பின்னாலும் அப்படிப்பட்ட கூடுகள் இருந்தன. காரணம் ஈரம்தான். தரை நனைந்தாலும் கோழி நனையாது, எச்சமும் கீழே விழுந்துவிடும். சாரல் அடிக்கும் பக்கத்தில் கூரையை நன்றாக நீட்டிவிடுங்கள் அல்லது பலகை அடியுங்கள். ஆனால் நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடாதீர்கள். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கும். வெறும் தகரக் கூரை நண்பகலில் அடுப்புபோல் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும். தகரத்தின்மேல் அத்தாப்பு ஓலை போட்டால் உள்ளே நிற்கும்போதே வித்தியாசம் தெரியும்.

கம்பிவலை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. எலி அந்தக் கண் வழியே நுழையும். பாம்பும் நுழையும், குஞ்சை விழுங்கியபின் வயிறு பருத்து வெளியே வர முடியாமல் கூண்டுக்குள்ளேயே கிடக்கும். மூசாங் பலவீனமான முடிச்சைக் கடித்துப் பிரிக்கும். அரை அங்குலச் சதுரக்கண் வலைதான் நம்பத்தக்கது. விலை கூடுதல்தான், ஆனால் சின்னக் கூண்டுக்குச் சில அடிகள் போதும். கோழிகளுக்கு இருட்டில் பார்வை மிக மோசம். ஆகவே பொழுது சாயுமுன் கதவைத் தாழிட வேண்டியது உங்கள் வேலை.

வெளியே வரும் குஞ்சு கிருமிகளையும் முதன்முதலாகச் சந்திக்கிறது. இந்த வயதில் அதிகம் தாக்குவது இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி எச்சத்தோடு வெளியேறும். சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். உலர்ந்த தரையில் அதனால் அப்படி முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சந்திக்கும் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகும். நனைந்த மரத்தூளில் ஒரே நாளில் ஏராளமாக விழுங்கும் குஞ்சு சுருண்டுவிடும். பகலில் சிறிது சிறிதாக வெளியே விடுவதன் இன்னொரு பயன் இது. எச்சத்தில் இரத்தம் கண்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நியூகாசில் நோய் இன்னும் கொடியது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகிலும், அதே ஆண்டில் ஜாவாவிலும் இனங்காணப்பட்ட நோய். இந்தியாவில் இராணிக்கெட் என்ற மலையூரின் பெயரால் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு வெள்ளைக் கழிச்சல். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. தடுப்பு மருந்தில் உள்ள உயிர் வைரஸ் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் குளிர்பெட்டி இல்லாத கம்பத்துக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. 1980-களில் செர்டாங்கில் இருந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய அறிவியலாளர்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோய் உண்டாக்காத வி4 என்னும் ஆஸ்திரேலிய வைரஸ் வகையைச் சூடாக்கி, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பெருக்கினார்கள். அப்படிச் சூடு தாங்கும் வகை கிடைத்தது. அதைத் தீவனத்தில் பூசி, கோழி தின்னும்போதே தடுப்பு மருந்து உள்ளே போகும்படி செய்தார்கள். செர்டாங்கில் உருவான அந்த வகைக்கு வி4-யுபிஎம் என்று பெயர். மற்ற நாட்டுக் கம்பங்களுக்கும் இந்த முறை போய்ச் சேர்ந்தது. கால்நடை நோய்களை ஆராயும் தேசிய ஆய்வுக்கழகம் ஒன்று நம் ஈப்போவிலேயே இருக்கிறது. உங்கள் குஞ்சுகளுக்கு எந்தத் தடுப்பு மருந்து, எந்த நாளில் என்று மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டு, வெளியே மாற்றுவதற்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க என்ன விதி என்பதை மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது. குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சொல்லவே தேவையில்லை.

ஏற்கெனவே பெரிய கோழிகள் இருக்கும் கூண்டானால் குஞ்சுகளை நேராக உள்ளே விடக் கூடாது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் இதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். பள்ளிப் பையன் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய ஆய்வு அது! புதிதாக வரும் குஞ்சு அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். தீனியும் கிடைக்காது, தலையில் கொத்தும் விழும். நடுவே கம்பிவலை தடுத்து, இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். அளவில் ஓரளவு நெருங்கியபின் சேருங்கள். தீனித் தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

மாற்றும் நாளை மழை இல்லாத நாளாகப் பாருங்கள். அந்திநேரத்தில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கி வையுங்கள். பெட்டியில் இருந்த அதே தீனித் தட்டு, அதே தண்ணீர்ப் பாத்திரம். வயிறு நிறையத் தின்றபிறகு மாற்றினால் இரவுக்கு எரிபொருள் இருக்கும். மூன்று நாள் கூண்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் அதுதான் வீடு என்று பதிந்துவிடும். முதல் இரண்டு இரவும் மூலையில் குவியும். டார்ச் அடித்துப் பார்த்து, அமுங்கிக் கிடப்பதை மெல்லப் பிரித்துவிடுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கழியைக் கட்டிவையுங்கள். சில நாளில் ஏதோ ஒரு குஞ்சு அதன்மேல் ஏறி உட்காரும், மற்றவை அதைப் பார்த்து ஏறும். இப்போது பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, பல்பைத் துடைத்து எடுத்து வைக்கலாம். அடுத்த ஈட்டுக்கு ஆகும்.